சகலையின் ஓட்டைக் கூண்டு

மீனவர் சங்க அலுவலகச் சுவரில் என் சகலையின் படத்தை மாட்டப்போகிறார்கள். படத்துக்குக் கீழே ஒட்ட அவனைப் பற்றி ஒரு பக்கம் வேண்டுமாம். அதை எழுதித் தரச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். துறைமுகத்திலேயே அவனை அதிக காலமாகத் தெரிந்தவன் நான்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். உண்மைதான். ஒருத்தனை இருபத்திரண்டு வருஷமாகக் கண் எடுக்காமல் கவனித்துக்கொண்டிருப்பவன் ஒன்று அவன் மேல் உயிரையே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வயிறு எரிபவனாக இருக்க வேண்டும். நான் எந்த ரகம் என்று என் மனைவியைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வாள்.

"ஆள் குத்துக்கல்லாட்டம் இருக்கானே, அவனுக்கு எதுக்கு இப்பவே படம்?" என்று கேட்டேன்.

"அவர் செஞ்சதுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? நீங்களே இப்படிக் கேக்கலாமா?" என்றார் சங்கத் தலைவர். நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

என் தொழிலைச் சொல்லாமல் அவன் கதையைச் சொல்ல முடியாது. நான் நண்டுக் கூண்டு கட்டுகிறவன். இரும்புக் கம்பியை வளைத்துச் சட்டம் செய்து, வலை போர்த்தி, இரண்டு பக்கமும் புனல் மாதிரி வாய் வைப்பேன். உள்ளே மீன் துண்டைக் கட்டிக் கடலில் இறக்கினால், தின்ன வரும் நண்டுக்கு உள்ளே போக வழி தெரியும், வெளியே வரத் தெரியாது. எங்கள் பக்கத்துக் கடலில் இறங்கும் கூண்டுகளில் பாதிக்கு மேல் என் கையால் ஆனவை. "என் கூண்டு தொலையலாம், உடையாது" என்று நான் சொல்லாத நாள் கிடையாது. ரகசியம் தார்தான். பட்டறையின் மூலையில் ஒரு சின்ன அடுப்பில் தார் டப்பா எப்போதும் சூடாக இருக்கும். கயிறானாலும் நூலானாலும் அதில் ஒரு முறை முங்காமல் என் வாசலைத் தாண்டாது. தாரில் முக்கினால் முடிச்சு நழுவாது, நூல் மக்காது. இருபத்தேழு வருஷமாக என் விரல் நகங்கள் கறுப்பு. கல்யாணப் படத்திலும் கறுப்புதான்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். தையல்காரன். பெண் பார்த்து முடித்து அவன் முதல் தடவை மாமனார் வீட்டுக்கு வந்த அன்று நானும் மூத்த மாப்பிள்ளை மிடுக்கோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மாமியாருடைய கடைப் பையின் காது அறுந்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வந்தவன் அதைப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்தான். பேசிக்கொண்டே தைத்து முடித்து, திரும்ப ஆணியிலேயே மாட்டிவிட்டான். மாமியார் அந்தப் பையை எடுத்துத் தெருவில் நாலு வீட்டுக்குக் காட்டிவிட்டு வந்தார். அதே பையை நான் ஐந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தைக்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அன்று தொடங்கியது என் வயிற்றெரிச்சல்.

அவனிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட்டால் ஒன்றுமே தேறாது. ஒல்லி உடம்பு. மெதுவாகப் பேசுவான். டீயை ஆறவைத்து, அது பச்சைத் தண்ணீர் ஆன பிறகு குடிப்பான். ஆனால் அவன் வருகிறான் என்றால் என் வீட்டில் விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். என் மகள் "சித்தப்பா" என்று வாசலுக்கு ஓடுவாள். என் மனைவி, நான் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டால் "கை இல்லையா" என்கிறவள், அவனுக்குக் கேட்காமலே இரண்டாவது டீ போடுவாள். ஐம்பது வயதில் அவனுக்குத் தலை நிறைய முடி. இதையும் எழுதத்தான் வேண்டும்.

ரெடிமேட் துணி வந்து அவன் தையல் கடையைத் தின்றது. கடையை மூடின வாரம் மனைவி என்னிடம், "அவரை உங்க பட்டறையில சேத்துக்கக் கூடாதா?" என்றாள். கூடாது என்று சொல்ல நான் என்ன பைத்தியமா? அவன் என் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்கும் ஆசையில் உடனே சரி என்றேன். அவன் நிற்கவில்லை, உட்கார்ந்து வேலை செய்தான். இரண்டே மாதத்தில் கூண்டின் வாயை என்னைவிட நறுவிசாகத் தைத்தான். "இந்தக் கூண்டு அவர் கட்டினதா, நீங்க கட்டினதா?" என்று படகுக்காரர்கள் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். அவனே ஒரு பழைய படகை வாங்கிக்கொண்டு நண்டு பிடிக்கப் போகிறேன் என்றபோது, தொலைந்தது சனியன் என்று மனசார வாழ்த்தி, ஐம்பது கூண்டு கட்டிக்கொடுத்தேன்.

சனியன் எங்கே தொலைந்தது? ஒரு வருஷம் கழித்து ஒரு கூண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றான்.

"அண்ணே, இதுல அடியில ஒரு வழி வெச்சுத் தருவீங்களா? மூணு விரல் அகலம் போதும்."

"எதுக்கு?"

"சின்ன நண்டு வெளிய போறதுக்கு. உள்ள பெருசுங்க அதைக் கடிச்சுப் போட்டுடுது. நாம மேல தூக்கி எறியறதுக்குள்ள பாதி செத்துடுது. அடுத்த வருஷத்துக்கு என்னண்ணே மிஞ்சும்?"

"நண்டு பிடிக்கக் கூண்டு வாங்கறவனைப் பாத்திருக்கேன். அதுல ஓட்டை கேக்கறவனை இப்பத்தான் பாக்கறேன். சல்லடையில தண்ணி மொள்ளப் போறியா?"

பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் 'ஓட்டை'. ஓட்டை வருகிறான், ஓட்டை போகிறான் என்று துறைமுகம் முழுக்கப் பரப்பினேன். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. தானே வெட்டிக்கொண்டான். அந்த வருஷம் அவன் கூண்டில் பொடி நண்டு குறைந்தது, பெரிய நண்டு குறையவில்லை. வயிற்றில் முட்டையோடு வரும் பெண் நண்டையும் விற்காமல் தண்ணீரிலேயே விட்டான். அதற்கும் சிரித்தோம். ஆனால் அவன் பிடித்து வந்தவை எல்லாம் கையகலத்துக்கு இருந்தன. வியாபாரிகள் அவன் படகு கரை சேரும் வரை காத்திருந்து, "ஓட்டையோட நண்டு" என்று கேட்டு வாங்கினார்கள். திட்டுவதற்கு நான் வைத்த பெயர் அவன் சரக்குக்கு முத்திரை ஆகிவிட்டது. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். யாரும் கண்டுகொள்ளவில்லை.

அதோடு விட்டானா? இன்னொரு நாள் டீயை ஆறவைத்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, கயிறு அறுந்து தொலைஞ்சுபோன கூண்டு கடலடியில என்ன செய்யும்?"

"என் கூண்டா? ஒண்ணும் ஆகாது. பத்து வருஷம் ஆனாலும் அப்படியே இருக்கும்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"அதாண்ணே கஷ்டம். அது பாட்டுக்குப் பிடிச்சுக்கிட்டே இருக்குமே. உள்ள போனது சாகும். செத்ததைத் தின்ன அடுத்தது வரும். யாரு போய்த் தூக்குவா?"

எனக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என் பெருமையையே எடுத்து என் முன்னால் குற்றமாக வைக்கிறான், அதுவும் 'அண்ணே' போட்டு. அவன் சொன்ன வைத்தியமோ அதைவிட மோசம். கூண்டின் ஒரு பக்கத்தில் ஒரு கதவு வைத்து, அதை வெறும் பருத்தித் தையல் நூலால் கட்ட வேண்டும். உப்புத் தண்ணீரில் அந்த நூல் இரண்டு மாதத்தில் மக்கி அறுந்துவிடும். புழக்கத்தில் இருக்கும் கூண்டுக்கு அவ்வப்போது புது நூல் கட்டிக்கொள்ளலாம். தொலைந்த கூண்டின் கதவோ தானே திறந்துகொள்ளும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம், தையல்காரனுக்கு நூல். மக்குகிற நூலை வேண்டுமென்றே கட்டுவதா? அதற்குப் பதிலாக என் கையை வெட்டிக்கொள்ளலாம் என்றேன்.

அந்த வாரம் என் மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு நண்டுக் கூண்டு வரைந்தாள். நன்றாகத்தான் இருந்தது. பார்த்தால் பக்கத்தில் கதவு.

"சித்தப்பா கூண்டுப்பா. உங்க கூண்டுல கதவே இல்லையே" என்றாள். பெற்ற மகள்.

பிறகு மீன்துறையிலிருந்து ஒரு அதிகாரியம்மா வந்தார். என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்து, என்னிடமே கேட்டார்: "இங்க ஓட்டைக்காரர் வீடு எங்க இருக்கு?" கையைக் காட்டினேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதிகாரியம்மாவும் சங்கமும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் கூண்டு பத்து, சகலையின் கூண்டு பத்து. இரண்டையும் தொலைந்தவை போல மிதவை இல்லாமல் கடலடியில் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்துத் தூக்க வேண்டும். சகலையின் கதவு திறந்திருந்தால் இனிமேல் எல்லாப் படகும் அவன் மாதிரிக் கூண்டுதான். திறக்காவிட்டால் பேச்சே கிடையாது, என் கூண்டே இருக்கட்டும். "ஒரே ஒரு வாய்ப்புதான். மறுபடி மறுபடி இதையே பேசிக்கிட்டிருக்க முடியாது" என்று தலைவர் கறாராகச் சொன்னார்.

கூண்டு இறக்கும் நாள் காலையில் என் மச்சினிக்குப் பித்தப்பைக் கல் வலி. ஆஸ்பத்திரியில் அன்றே ஆபரேஷன் என்றார்கள். சகலை என் பட்டறைக்கு ஓடி வந்தான். பத்துக் கூண்டையும் இறக்கி வைத்து, கையில் ஒரு வெள்ளை நூல்கண்டைக் கொடுத்தான். அவனுடைய பழைய கடை நூல்.

"அண்ணே, கதவை மட்டும் கட்டிடுங்க. மத்தியானம் அதிகாரியோட படகு வந்து எடுத்துக்கும். உங்களை விட்டா நான் யாரை நம்புவேன்?"

போய்விட்டான். நான் உட்கார்ந்து கட்டினேன். கட்டி முடித்துப் பார்த்தால் பத்துக் கதவிலும் நூல் கறுப்பாக இருந்தது. வழக்கம்போலத் தாரில் முக்கித்தான் கட்டியிருந்தேன். பக்கத்தில் அடுப்பு, அடுப்பில் டப்பா, இருபத்தேழு வருஷத்துக் கை. படகு வந்தது. எங்கள் துறைமுகத்தில் எல்லாக் கயிறும் கறுப்புதான், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த மூன்று மாதமும் நன்றாகத் தூங்கினேன், நன்றாகச் சாப்பிட்டேன். மச்சினியைப் பார்க்கப் போனபோது அவள், "நல்ல வேளை அத்தான், அன்னைக்கு நீங்க இருந்தீங்க" என்றாள். சகலை எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தான். வாங்கிக் குடித்தேன்.

தூக்கும் நாள் காலையில் கரை முழுக்கக் கூட்டம். முதலில் என் கூண்டுகள் வந்தன. சேறும் பாசியுமாக, ஆனால் ஒரு முடிச்சு தளரவில்லை. "பாத்தீங்களா?" என்று சொல்ல வாயெடுத்தவன், உள்ளே பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஓடுகள், கால்கள், பாதி தின்ற உடம்புகள். நடுவே இரண்டு மூன்று உயிர் நண்டுகள், ஒன்றின் மேல் ஒன்று ஏறி வலையைப் பிராண்டிக்கொண்டிருந்தன. தொலைந்துபோன என் கூண்டு கடலடியில் என்ன செய்கிறது என்று அத்தனை வருஷத்தில் நான் பார்த்ததே இல்லை. தொலைந்தது திரும்பி வந்தால்தானே பார்ப்பதற்கு? எத்தனை தொலைத்திருப்பார்கள் இந்தப் படகுக்காரர்கள்? எல்லாம் உடையாத கூண்டுகள்.

அடுத்து சகலையின் பத்து. பத்துக் கதவும் மூடியே இருந்தன. உள்ளே அதே ஓடுகள், அதே கால்கள். ஒரு கூண்டில், வயிறு நிறைய முட்டையோடு ஒரு பெண் நண்டு செத்துக் கிடந்தது.

தலைவர் தொண்டையைச் செருமினார். "ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. அப்புறம் எதுக்கு மாத்தணும்? பழைய கூண்டே இருக்கட்டும். முடிஞ்சுது."

சகலை குனிந்தான். ஒரு கதவின் நூலில் இருந்த பாசியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினான். விரலை மோந்து பார்த்தான். தார் வாசனை அவனுக்குத் தெரியாதா? என் பட்டறையில் வேலை செய்தவன். நிமிர்ந்தவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நூல் சரியில்ல. என் தப்புதான். நான் கூட இருந்து பாத்திருக்கணும்" என்றான்.

அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். என் கூண்டு என் கூண்டாகவே இருந்திருக்கும்.

அப்போதுதான் வயிறு பற்றி எரிந்தது, அதுவரை எரியாத மாதிரி. எல்லாவற்றிலும் முந்தினான். மாமியார் பையில் முந்தினான், என் மகள் படத்தில் முந்தினான், வியாபாரிகளிடம் முந்தினான். இப்போது நான் செய்த அயோக்கியத்தனத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அதிலும் முந்துகிறானா? அந்த நண்டுகள் மேல் இரக்கப்பட்டு நான் வாய் திறந்தேன் என்று பின்னால் பலர் சொன்னார்கள். இல்லை. பொறாமையில்தான் திறந்தேன். இதையாவது அவனுக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான்.

"நூல்ல ஒண்ணும் தப்பில்ல. நான் அதைத் தார்ல முக்கிக் கட்டிட்டேன்" என்றேன்.

கூட்டம் சலசலத்தது. அதிகாரியம்மா நூலைத் தொட்டுப் பார்த்தார். தலைவர் சிரித்துவிட்டார். "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்னு சும்மாவா சொன்னாங்க?"

சகலையும் உடனே, "பழக்கம்தாங்க. அண்ணன் கை அப்படி. வேணும்னு செய்யல" என்றான்.

பாருங்கள், எனக்கும் மூன்று விரல் அகலத்தில் ஒரு வழி வைத்துக் கொடுத்தான். புகுந்து வெளியே வந்திருக்கலாம். எல்லோரும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

"மூணு கதவுதான் பழக்கம்" என்றேன். "நாலாவது கதவுக்கு நூலை எடுக்கும்போது ஞாபகம் வந்துடுச்சு. வெள்ளையா இருக்கேன்னு பாத்தேன். தெரிஞ்சுதான் முக்கினேன். மீதி ஏழும் தெரிஞ்சேதான் முக்கினேன்."

யாரும் சிரிக்கவில்லை. முட்டை நண்டு கிடந்தது ஏழில் ஒன்றா, மூன்றில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. ஏழில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்தச் சோதனை செல்லாது என்று மறுபடி பத்துக் கூண்டு போட்டார்கள். இந்தத் தடவை மச்சினியே உட்கார்ந்து வெறும் நூலால் கட்டினாள். ஒரு வார்த்தை என்னோடு பேசவில்லை. மூன்று மாதம் கழித்துத் தூக்கினால் ஒன்பது கதவு திறந்து கிடந்தன. பத்தாவது நூலும் மக்கி, அதிகாரியம்மா விரலால் தொட்டதும் அறுந்தது. ஒன்பதிலும் ஒரு ஓடுகூட இல்லை. ஒன்றில் மட்டும் ஒரு சின்ன மீன், யாரோ திறந்துவிட்ட வீட்டில் குடியிருப்பது போல, துள்ளிக்கொண்டிருந்ததாம். நான் போய்ப் பார்க்கவில்லை. மகள் வந்து சொன்னாள்.

அந்த மூன்று மாதமும் சகலை என் வீட்டுக்கு வரவில்லை. தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கம் மாறிப் போனான். வீட்டில் விளக்கே இல்லாத மாதிரி இருந்தது. மனைவி எனக்கு ஒரு டீதான் போட்டாள், அதுவும் ஆறிப்போய் வந்தது. ஆனாலும் ஒரு சந்தோஷம் எனக்கு. அவனுக்கும் கோபம் வருகிறதே! இருபத்திரண்டு வருஷத்தில் அவனிடம் நான் கண்டுபிடித்த ஒரே குறை அதுதான்.

சங்கம் எல்லாப் படகுக்கும் புதுக் கூண்டு என்று முடிவு செய்தது. அத்தனைக்கும் சட்டம் வளைக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. இதை மட்டும் அவனால் பறிக்க முடியவில்லை. முதல் நாள் காலையில் சகலை பட்டறைக்குள் வந்தான். துணியைச் சுற்றி அடுப்பிலிருந்து தார் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே வைத்தான். திரும்பி வந்து என் மேஜை மேல் வெள்ளை நூல்கண்டை வைத்தான்.

"கட்டுங்கண்ணே" என்றான்.

கட்டினேன். தார் படாத நூல் விரலில் நழுவியது. ஒவ்வொரு முடிச்சும் பல்லில் சிக்கிய நார் மாதிரி என்னை உறுத்தியது. முடித்த கூண்டை அவன் பக்கம் தள்ளினேன். அவன் அதை எடுத்து, கதவை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, அடுக்கில் வைத்தான். அடுத்ததையும் மோந்தான். எல்லாவற்றையும் மோந்தான்.

இப்போது வீட்டுக்கு வருகிறான். மகள் வாசலுக்கு ஓடுகிறாள், மனைவி இரண்டாவது டீ போடுகிறாள், எனக்கு வயிறு எரிகிறது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சங்கத்துக்கு எழுதிக் கொடுத்த பக்கத்தில் நல்லவன், வல்லவன் என்று நாலு வரி போட்டிருக்கிறேன். அது போதும் அவனுக்கு.

படத்தில் அவன் கையில் ஒரு கூண்டு இருக்கிறது. நான் கட்டியதுதான், கதவும் நான் கட்டியதுதான், வெள்ளை நூல். படம் எடுக்கிறவர் அதை அவன் கையில் கொடுத்தபோது நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். வாங்கியவன் கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நொடி குனிந்தான். இன்னும் மோந்து பார்க்கிறான்.